‘அப்புறம்?’ என்றால் அப்புறம் இல்லை

எங்கள் சித்தப்பா நாலு வருஷம் எங்கள் வீட்டுப் படியை மிதிக்காமல் இருந்ததற்கு நான்தான் காரணம். அப்போது எனக்கு 12 வயது. மே மாதத்து மதியம், திண்ணையில் உட்கார்ந்து ரயில்வே கால அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன் (ஆமாம், கதைப் புத்தகம் மாதிரி முதல் பக்கத்திலிருந்து படிப்பேன்). லால்குடியிலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போனார். நான் தலையைத் தூக்கவில்லை. அவர் வந்தது எனக்குத் தெரியும், அப்பாவைப் பார்க்க வந்திருக்கிறார் என்பதும் தெரியும், அப்பா உள்ளேதான் இருக்கிறார் என்பதும் தெரியும், இதில் நான் செய்ய என்ன இருக்கிறது? சாயங்காலம் கிளம்பும்போது அவர் அம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “தூக்கி வளர்த்த பிள்ளை அண்ணி. வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல பாருங்க.”

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் ‘திமிர் பிடிச்சவன்’ என்கிற பட்டம். அதன் பிறகு ‘ஒரு மாதிரி’, ‘உம்மணாமூஞ்சி’, ‘படிப்பு இருக்கு, விவரம் இல்ல’ என்று வேறு வேறு பெயர்கள் வந்தன. கடைசியாக 2021இல், 36 வயதில், ஒரு உளவியல் நிபுணர் எழுதிக் கொடுத்த பெயர் ஆட்டிசம்.

இப்போது எனக்கு 40. திருச்சியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி கணக்குகள் பார்க்கிறேன். கல்யாணமாகி 12 வருஷம் ஆகிறது. பேசுவேன், சம்பாதிக்கிறேன், பஸ்ஸில் தனியாகப் போய் வருகிறேன். ஆட்டிசம் உள்ள எல்லாருக்கும் இது பொருந்தாது. பேச்சே வராதவர்கள் இருக்கிறார்கள், பகலும் இரவும் ஒருவர் கூடவே இருக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய அம்மா அப்பா படுகிற பாட்டுக்கு முன்னால் என் கதை ஒன்றுமே இல்லை. என்னை வைத்து அவர்களை யாரும் அளக்க வேண்டாம். ஆனால் என்னைப் போல ‘பார்த்தால் தெரியாத’ ஆட்கள் ஊருக்குள் நிறைய இருக்கிறோம் என்பதால் எழுதுகிறேன்.

ஏன் 36 வயது வரை யாருக்கும் தெரியவில்லை? நான் பிறந்தது 1985இல். ஊமையாக உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கும் குழந்தைக்குத்தான் ஆட்டிசம் என்று டாக்டர்களே நினைத்த காலம். வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையனை யார் அப்படிச் சந்தேகப்படுவார்கள்? எனக்கே சந்தேகம் வந்தது ஊரடங்கில்தான். 2020இல் ஊரே அடைந்துகிடந்து அவஸ்தைப்பட்டபோது நான் மட்டும் வெட்கப்படும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தேன். வீட்டிலிருந்தே வேலை, யாரும் வரமாட்டார்கள், கல்யாணம் காதுகுத்து கிடையாது, வெளியே போனாலும் பாதி முகத்தை மூடிக்கொள்ளலாம். பத்து வருஷமாக வாரம் மூன்று நாள் வந்துகொண்டிருந்த தலைவலி காணாமல் போனது. அப்புறம் அலுவலகம் திறந்தது. இரண்டாவது மாதம் நான் விழுந்தேன். மயக்கம் போட்டு விழவில்லை, காரியங்கள் விழுந்தன: போன் அடித்தால் எடுக்க முடியவில்லை, டீக்கடையில் ‘சர்க்கரை கம்மியா ஒரு டீ’ என்ற வாக்கியம் வாயில் வரவில்லை, 15 வருஷமாகப் பார்த்த டேலி கணக்கு மென்பொருளின் திரையைப் பார்த்தால் எதை அழுத்துவது என்று தெரியவில்லை. சோம்பேறித்தனம் என்றார்கள், மன அழுத்தம் என்றார்கள். மாத்திரை தூக்கம் கொடுத்தது, வார்த்தையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பரிசோதனை மூன்று உட்காரல்களில் நடந்தது. என்னைவிட அம்மாவிடம்தான் அதிக நேரம் பேசினார்கள், ஏனென்றால் சின்ன வயதில் எப்படி இருந்தேன் என்பதுதான் முக்கியமாம். அம்மா ரயில்வே அட்டவணையிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள். சட்டைக் காலரில் இருக்கும் துணி லேபிளை வெட்டாமல் நான் போட்டதே இல்லை என்பதையும் சொன்னாள். ‘அது எதுக்கு இங்க?’ என்று நினைத்தேன். அதற்கும் இடம் இருந்தது: அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் நோய்களை வகைப்படுத்த வைத்திருக்கும் டிஎஸ்எம் கையேட்டின் 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில், ஒலி, ஒளி, தொடுகை இவற்றில் அளவுக்கு மீறிய கூச்சம் அல்லது மந்தம் என்பதையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். அதற்கு முன்னால், சின்ன வயதில் பேச்சு தாமதமாகாதவர்களுக்கு ஆஸ்பெர்கர் என்று தனியாக இருந்த பெயரையும் அதே பதிப்பில்தான் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே குடைக்குக் கீழ் கொண்டுவந்தார்கள்.

லியோ கானர் என்ற அமெரிக்க மருத்துவர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இந்தக் கதை தொடங்குகிறது என்று அந்த நிபுணர் சொன்னபோது, நான் கேட்டது: “அந்த 11 பேரும் பெரியவங்களாகி என்ன ஆனாங்க?” வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அதில் முதல் குழந்தை டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊரில் வாழ்ந்தார், ஒரு வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், 27 வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார், தனியாகப் பல நாடுகள் சுற்றினார், 2023இல் 89 வயதில் இறந்தார். வங்கி வேலை என்று படித்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு. ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த வங்கி அவருடைய அம்மா குடும்பத்தார் தொடங்கியது, ஊரே அவரைச் சின்ன வயதிலிருந்து தெரிந்து வைத்திருந்தது. அவருக்கு ஊர் பழகியிருந்தது. நமக்கெல்லாம் நாம்தான் ஊருக்குப் பழக வேண்டியிருக்கிறது.

சரி, பழகின கதைக்கு வருகிறேன்.

என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. கணக்குப்பிள்ளை புத்தி, நடுவில் கோடு போட்டு இடது பக்கம் ‘சொல்வது’, வலது பக்கம் ‘சொல்ல வருவது’ என்று எழுதி வைத்திருக்கிறேன். தமிழில் மரியாதையான கேள்விகள் பாதிக்கு மேல் கேள்விகளே கிடையாது என்பது அந்த நோட்டு எழுதத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ‘சாப்பிட்டாச்சா?’ என்றால் ‘ஆச்சு, நீங்க?’ என்பதோடு விஷயம் முடிந்தது. நான் பல வருஷம் ‘இல்ல, ஒன்றேகாலுக்குத்தான் சாப்பிடுவேன், இன்னைக்குப் புளிசாதம், அவரைக்காய்ப் பொரியல்’ என்று ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ‘எங்க இந்தப் பக்கம்?’ என்றால் ‘சும்மாதான்’ போதும், எந்தப் பஸ்ஸில் ஏறி எங்கே இறங்கினேன் என்ற விவரம் வேண்டாம். ‘பார்க்கலாம்’ என்றால் பெரும்பாலும் இல்லை என்று அர்த்தம். ‘ஒரு நாள் வீட்டுக்கு வாங்க’ என்பதுதான் என்னை மோசமாக மாட்டிவிட்டது. கூட வேலை பார்த்த ஒருவர் அப்படிச் சொன்னார், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே திருவெறும்பூருக்குப் பஸ் ஏறிப் போய் நின்றேன். லுங்கியோடு வந்து கதவைத் திறந்த அவருடைய முகமும், பின்வாசல் வழியாகப் பால் வாங்க ஓடிய அவர் வீட்டம்மாவின் அவசரமும் எனக்கே புரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தேதியும் நேரமும் இல்லாத அழைப்பு அழைப்பே அல்ல; ‘கண்டிப்பா வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும். அது பொய் ஆகாது என்று ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது.

எல்லாவற்றிலும் கஷ்டமானது போனில் வரும் ‘அப்புறம்?’. எதிர்முனையில் ‘அப்புறம்?’ என்றால், இன்னும் ஏதோ கேட்க ஆசைப்படுகிறார் என்று நினைத்து நான் புதிதாக ஒரு விஷயத்தை ஆரம்பிப்பேன். அவர் பாவம், கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மறுபடி ‘அப்புறம்?’ என்பார், நான் இன்னொன்றை எடுப்பேன். உண்மையில் அது வாசல் வரைக்கும் வந்து நின்றுகொண்டு செருப்பைத் தேடுகிற மாதிரி. அதற்கப்புறம் ‘வேற?’, அதற்கப்புறம் ‘சரி’, அதற்கப்புறம் ‘வச்சிரட்டுமா?’. இந்த நாலு படியும் ஒரு வரிசையாக இறங்குகிறது என்பதை என் மனைவி பேசுவதை ஒரு வாரம் கவனித்துக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை அவளால் கடைசி வரை புரிந்துகொள்ள முடியவில்லை.

கண்ணைப் பார்த்துப் பேசுவது. இதற்கு நம் ஊரில் ஒரு வசதி உண்டு: நெற்றி. திருநீறோ, குங்குமமோ, ஸ்டிக்கர் பொட்டோ, ஏதோ ஒன்று பெரும்பாலும் இருக்கும், அதைப் பார்த்துப் பேசினால் எதிரில் இருப்பவருக்கு வித்தியாசமே தெரிவதில்லை. ஒன்றும் இல்லாதவர்களுக்கு மூக்குக் கண்ணாடியின் நடுப்பாலம். பேசும்போது மூன்று நாலு நொடிக்கு ஒரு தடவை நோட்டுப் புத்தகத்தையோ டீ கிளாஸையோ பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டும், இல்லாவிட்டால் முறைப்பது போல ஆகிவிடும்.

ஆனால் ஒன்று. இந்தத் தந்திரங்களுக்கெல்லாம் விலை உண்டு, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. சமூகத் திறன் பயிற்சி என்ற பெயரில் கண்ணைப் பார், சிரி, கை கொடு என்று கற்றுக்கொடுப்பவர்கள், அதைச் செய்துமுடித்த பிறகு அந்த ஆள் வீட்டுக்குப் போய் என்ன ஆகிறான் என்று பார்ப்பதில்லை. ஒரு கல்யாணத்தில் இரண்டு மணி நேரம் எல்லாரையும் போல இருந்தால் எனக்கு அடுத்த நாள் முழுக்க இருட்டறை வேண்டும். ஒரு வாரம் தினமும் அப்படி நடித்தால் மேலே சொன்ன மாதிரி வார்த்தையே கழன்றுபோகும். 2021இல் நான் விழுந்தது வேலையால் அல்ல, நடிப்பால். அதனால் என் முதல் பாடம் இதுதான்: எங்கே செலவு செய்வது என்று முடிவெடுத்துவிட்டு மற்ற இடத்தில் கஞ்சத்தனமாக இருங்கள். நான் வாங்குகிற சம்பளத்துக்குச் செலவுக் கணக்கு எழுதுகிற மாதிரியே இதற்கும் எழுதுகிறேன். மாதத்தில் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதி 3பி என்று இரண்டு ஜிஎஸ்டி படிவங்களுக்குக் கடைசி நாள், இந்த இரண்டுக்கும் முந்தைய மூன்று நாட்களில் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. சொந்தக்காரர்களுக்கு இது இப்போது பழகிவிட்டது. ‘20ஆம் தேதி தாண்டி வச்சாத்தான் அவன் வருவான்’ என்று கிண்டலாகச் சொல்வார்கள், ஆனால் ஒரு சீமந்தத்தை நிஜமாகவே 22ஆம் தேதிக்குப் பார்த்து வைத்தார்கள்.

ஆட்களோடு பழகுவதைவிட எனக்குக் கஷ்டமானது, சொன்னால் சிரிப்பீர்கள், குளிக்கப் போவது. குளிப்பதில் ஒரு பிரச்சினையும் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து குளிக்கப் போவதுதான் மலை. உட்கார்ந்தபடியே ‘குளிக்கணும், குளிக்கணும்’ என்று 40 நிமிஷம் மனசுக்குள் கத்திக்கொண்டிருப்பேன், உடம்பு அசையாது. படித்தவர்கள் இதைச் செயல் தொடக்கச் சிக்கல் என்கிறார்கள், அம்மா எருமை மாடு என்றாள். எனக்கு வேலை செய்த வழி, காரியத்தைச் சொல்லாமல் கையில் எடுக்க வேண்டிய முதல் பொருளைச் சொல்வது. ‘குளி’ கிடையாது, ‘துண்டு’. ‘கரண்ட் பில் கட்டு’ கிடையாது, ‘அட்டை’. ‘சமையல்’ கிடையாது, ‘உழக்கு’. துண்டு கைக்கு வந்துவிட்டால் மீதி தானாக நடக்கும். மனைவியும் இப்போது அப்படித்தான் சொல்கிறாள், அடுப்படியிலிருந்து “ஏங்க, துண்டு!” என்று ஒரு குரல். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்துக்கொள்கிறார்களோ.

பசியும் அப்படித்தான். எனக்குப் பசிப்பதில்லை. அதாவது பசிக்கும், ஆனால் பசிக்கிறது என்ற செய்தி வந்து சேராது. அதற்குப் பதில் மூன்று மணிக்கு உலகத்தின் மேல் கோபம் வரும். தண்ணீர் குடிப்பது, ஒண்ணுக்குப் போவது, காய்ச்சல் அடிப்பது எல்லாவற்றுக்கும் இதே கதை. ரொம்ப நாள் என் குணமே கெட்டது என்று நினைத்திருந்தேன், பாதிக் கோபம் சாப்பிடாததால் வந்தது. ஒன்றேகாலுக்கு அலாரம், பசித்தாலும் பசிக்காவிட்டாலும் டிபன் பாக்ஸைத் திறப்பது. கோபம் வந்தால் யார் காரணம் என்று தேடுவதற்கு முன்னால் கடைசியாக எப்போது சாப்பிட்டேன், தண்ணீர் குடித்தேன், எங்காவது சத்தம் கேட்கிறதா என்று மூன்றையும் பார்ப்பது. பத்தில் ஏழு தடவை அங்கேயே தீர்ந்துவிடும்.

சத்தம் என்றதும் சொல்ல வேண்டும், திருச்சியில் இருந்துகொண்டு சத்தத்துக்குப் பயப்படுவது தண்ணீரில் இருந்துகொண்டு நனைவதற்குப் பயப்படுவது போல. எங்கள் ஊர்த் தனியார் டவுன் பஸ்களில் பாட்டு போடுவார்கள், சாதாரணப் பாட்டு அல்ல, சீட்டுக்குக் கீழே நெஞ்சை இடிக்கிற பாட்டு. பத்து நிமிஷம் கூடுதலாக நின்றாலும் அரசுப் பஸ்ஸில்தான் போவேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி நடக்கும்போது காதில் ஃபோம் அடைப்பான். மருந்துக்கடையில் சல்லிசாகக் கிடைக்கும், போட்டுக்கொண்டாலும் ஆள் பேசுவது கேட்கும், ஹாரன் மட்டும் மழுங்கும். 36 வருஷம் இது தெரியாமல் வாழ்ந்திருக்கிறேன் என்பதுதான் ஆத்திரம். காய்கறிக்குக் காந்தி மார்க்கெட் பக்கம் போவதில்லை, தென்னூர் உழவர் சந்தைதான். 1999இல் இந்தச் சந்தைகளை ஆரம்பித்தவர்கள் விவசாயியை நினைத்து ஆரம்பித்தார்கள், ஆனால் எனக்காகவே கட்டின மாதிரி இருக்கிறது: விலை பலகையில் எழுதியிருக்கும், பேரம் கிடையாது, ‘என்ன சார் ரொம்ப நாளா ஆளையே காணோம்’ கிடையாது. காலை ஆறு மணிக்குப் போனால் கூட்டமும் கிடையாது. வீட்டில் மிக்ஸி போடுவதற்கு முன்னால் மனைவி ‘மிக்ஸி’ என்று ஒரு வார்த்தை சொல்வாள், நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். குக்கர் விசில் மட்டும் இன்னும் தீராத பிரச்சினை.

அரசுக் காகிதங்களில் ஆட்டிசத்துக்கு ‘புறஉலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. யார் வைத்தார்களோ. புறஉலகம் என் தலைக்குள் வந்து குக்கர் விசிலாகக் கத்திக்கொண்டிருக்கிறது, அது இல்லாமல் போனால் நான் ஏன் மாடிக்கு ஓடுகிறேன்?

அலுவலகத்தில் சொல்வதா வேண்டாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். 2011இல் ஒரு இடத்தில் ‘வேலை நல்லா பார்க்கிறார், ஆனா யாரோடயும் ஒட்ட மாட்டேங்கிறார்’ என்று சொல்லி என்னை அனுப்பினார்கள், அப்போது சொல்வதற்கு என்னிடம் பெயரே இல்லை. இப்போது இருக்கும் இடத்தில் நான் முதலில் பெயரைச் சொல்லவில்லை, தேவையைச் சொன்னேன். “சார், மூணு விஷயம் கேக்கணும். வேலையை வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பிடுங்க, வாயால சொன்னா பாதிதான் நிக்குது. சுவரைப் பார்த்த மாதிரி சீட்டு வேணும். பின்னாடியிருந்து கூப்பிடாதீங்க, முன்னாடி வந்து கூப்பிடுங்க.” ஆடிட்டர் சார் காரணம் கேட்கவே இல்லை. எழுதி அனுப்புவதால் அவருக்கும் மறதி குறைந்தது, இரண்டு மாதத்தில் எல்லாருக்குமே அப்படித்தான் அனுப்ப ஆரம்பித்தார். ஒரு வருஷம் கழித்துப் பெயரைச் சொன்னேன். “உங்களைப் பார்த்தா அப்படித் தெரியலையேப்பா” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அந்த ‘தெரியலையே’வுக்காக நான் 36 வருஷம் கொடுத்த விலை அவருக்கு எப்படித் தெரியும்? சிரித்துவிட்டு வந்தேன். என் அபிப்பிராயம்: எழுத்து, சீட்டு, வெளிச்சம் மாதிரி கைக்குப் பிடிபடுகிற ஒன்றைக் கேளுங்கள். பெயரை மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவர் தான் எப்போதோ பார்த்த ஒரு சினிமாவை நினைத்துக்கொள்வார்.

மனைவியோடு முதல் மூன்று வருஷம் நரகம், அவளுக்கு. பள்ளிக்கூடத்தில் டீச்சர், சாயங்காலம் வந்து ஹெச்எம் இப்படிச் சொன்னார், அந்த டீச்சர் அப்படிச் செய்தார் என்று ஆரம்பிப்பாள். நான் இரண்டாவது வாக்கியத்திலேயே தீர்வு சொல்லிவிடுவேன், அதுவும் சரியான தீர்வு, அவள் எழுந்து போய்விடுவாள். இப்போது நான் முதலிலேயே கேட்கிறேன்: “கேக்கற கதையா, செய்யற கதையா?” கேட்கிற கதை என்றால் வாயை மூடிக்கொண்டு, நடுவில் ‘ம்’, ‘அடப்பாவி’ இரண்டும் போதும். ‘அடப்பாவி’ எந்த இடத்தில் என்பதை மட்டும் இன்னும் சில சமயம் தப்பாகப் போடுகிறேன். எனக்காகவும் அவள் ஒன்று செய்கிறாள். கோபம் என்றால் ‘கோபமா இருக்கேன்’ என்று வாயால் சொல்கிறாள். பாத்திரத்தை டங்கென்று வைத்தால் எனக்குப் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்கும், செய்தி கேட்காது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

டேமியன் மில்டன் என்கிற, தானும் ஆட்டிசம் உள்ள, பிரிட்டன் சமூகவியல் ஆய்வாளர் 2012இல் எழுதியதும் இதுதான்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, எங்களுக்கு உங்களைப் படிக்கத் தெரியவில்லை என்றால் உங்களுக்கும் எங்களைப் படிக்கத் தெரியவில்லை. என்னைப் போல இன்னொருவர் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறார், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை முக்கொம்பில் சந்திப்போம். அவர் அணைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார், நான் ரயில்களைப் பற்றி ஒரு மணி நேரம். முடிந்ததும் ‘கிளம்பறேன்’ என்று எழுந்து போய்விடுவோம். இருவருக்கும் அடுத்த நாள் இருட்டறை தேவைப்பட்டதில்லை.

விசேஷங்களுக்குப் போயே ஆக வேண்டும், நம் ஊரில் தப்ப முடியாது. முகூர்த்தத்துக்கு 20 நிமிஷம் முன்னால் போவேன், நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் நேர் எதிரே உட்கார மாட்டேன், கெட்டிமேளம் என்றதும் அட்சதை போடுகிற சாக்கில் எழுந்து நின்று காதில் அடைப்பானை அழுத்திக்கொள்வேன், மொய் எழுதுகிற இடத்தில் எழுதிவிட்டு முதல் பந்தி. பந்தியில் ‘போதும்’ என்றால் ‘இன்னும் கொஞ்சம்’ என்றுதான் பரிமாறுகிறவர் காதில் விழும். இரண்டு கையையும் இலைக்கு மேல் விரித்துக் காட்ட வேண்டும், அதுதான் செல்லுபடியாகிற ‘வேண்டாம்’. மேடைக்குப் போய்ப் போட்டோ எடுத்துக்கொள்வது மனைவி பொறுப்பு.

சாவு வீட்டில் மட்டும் நான் தேர்ந்த ஆள். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அங்கே யாரும் ‘வாங்க’ என்று கேட்கக் கூடாது, போகும்போது ‘போயிட்டு வரேன்’ சொல்லக் கூடாது, சிரிக்கக் கூடாது, என்ன பேசுவது என்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் அதுதான் சரியான நடத்தை. என் வாழ்நாள் முழுக்க நான் தப்பாகச் செய்வதெல்லாம் அங்கே முறை. பெரியப்பா இறந்தபோது ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன், பந்தலுக்குச் சொல்வதிலிருந்து ஊருக்கு ஊர் போன் போட யார் யார் என்று பட்டியல் எழுதுவது வரை நான்தான். அழுகை மட்டும் வரவில்லை. அது மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வந்தது. எனக்கு அப்படித்தான் வரும், தாமதமாக, எதற்கு என்று தெரியாமல். ‘அழக்கூட இல்லை பாரு’ என்று அன்றைக்குப் பேசியவர்களுக்கு அந்த பஸ் தெரியாது.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் பற்றியும் கேட்பார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லப்பட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில், அறிவுசார் குறைபாடு, மனநோய் போன்ற மற்ற சிலவற்றோடு சேர்த்து 1 சதவீதம். அளவிடுவதற்கு இஸா என்ற இந்திய அளவுகோல், 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. கேள்விகளைப் பார்த்தால் குழந்தைகளையும் அதிக உதவி தேவைப்படுகிறவர்களையும் மனதில் வைத்து எழுதியது போலத்தான் எனக்குப் பட்டது. நன்றாக நடிக்கக் கற்றுக்கொண்ட பெரியவர் அந்த மேசைக்கு முன்னால் பழக்கதோஷத்தில் அங்கேயும் நடித்துவிடுவார். போகிறவர்கள் சின்ன வயது தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், வீட்டில் நடப்பதை எழுதிக்கொண்டு போங்கள், அன்றைக்கு மட்டும் நெற்றிப் பொட்டைப் பார்க்கிற வேலை வேண்டாம். நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. படிவம் மேசையில் இருக்கிறது, ‘பேனா’ என்று யாராவது சொல்ல வேண்டும்.

அந்தச் சித்தப்பாவுக்கு இப்போது 74 வயது. எங்கள் வீட்டுப் படியை மிதிக்காத அந்தக் கோபம் நாலு வருஷத்தில் என் அக்கா கல்யாணத்தோடு முடிந்தது. பெயர் கிடைத்த பிறகு அம்மாதான் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறாள், என்ன சொன்னாளோ தெரியாது, என்னிடம் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குப் போன் செய்வார். போன வாரமும் செய்தார். மழை, முழங்கால் வலி, பேரன் மார்க்கு எல்லாம் ஆயிற்று.

“அப்புறம்?” என்றார். நான் மழையில் பல்லவன் எக்ஸ்பிரஸ் தாமதமானதை எடுக்கப் போனேன். அதற்குள் அவரே, “டேய் இருடா, பழக்கத்துல அப்புறம்னு சொல்லிட்டேன். வச்சிரட்டுமா?” என்றார்.

“வச்சிருங்க சித்தப்பா.”

வைத்துவிட்டார்.